காதுக்குள் ஓடிய பிரெஞ்சுப் படம்

— கதவைச் சாத்துடி. தெருவே நின்னு வேடிக்கை பாக்குது.

— சாத்திட்டேங்க. கைய விடுங்க, போன வாரத்து வீக்கமே இன்னும் வடியல.

— என்னைப் பாத்து, இந்த வினோத்குமாரைப் பாத்து ஒரு காலேஜ் பொடியன் விரல நீட்டறான். 'உங்களுக்கு ஏன் சார் இவ்ளோ கோவம் வருது, படத்துல வர்ற புருஷன் நீங்களா?'ன்னு கேக்கறான். ஹாலே சிரிக்குது. நீயும் சிரிச்ச.

— நான் சிரிக்கலீங்க.

— உதடு அசைஞ்சுது துர்கா. பாத்தேன்.

— அவன் வாயில ரத்தத்தப் பாத்து பயத்துல அசைஞ்சிருக்கும். சின்னப் புள்ளையச் சட்டையோட புடிச்சு நாற்காலி மேல மோதிட்டீங்களே. பல்லே போயிருக்கும்.

— போவட்டும். இன்னும் நாலு போட்டிருப்பேன், அந்த மைக்கு புடிச்சவன் நடுவுல வந்துட்டான். படம் முடிஞ்சா எழுந்து வீட்டுக்குப் போவணும். அத விட்டுட்டு, 'அவதான் கொன்னான்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க, கொல்லலன்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க'ன்னு பஞ்சாயத்து. கதைக்கு முடிவு வெக்க டைரக்டருக்குத் துப்பில்ல, நம்மள வெக்கச் சொல்றான்.

— பாதிக்குப் பாதி தூக்கினாங்க.

— நீ ஏன் தூக்கல?

— எனக்கு என்னாங்க தெரியும்? நீங்க காதுல சொன்னதுதான் எனக்குப் படம்.

— வ்வாலா, அதான். பொம்பளைன்னா அப்பிடி இருக்கணும். ரெண்டு மணி நேரம் உன் காதுல சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு. ஹால்ல பாதிப் பேரு அப்பிடித்தான், தெரிஞ்சவன் தெரியாதவனுக்கு ஓதிக்கிட்டிருந்தான். வியாழக்கெழம ஃப்ளைட் ஏறப் போறவ, பிரான்ஸ் எப்பிடி இருக்கும்னு பாத்துக்கட்டும்னு கூட்டிட்டுப் போனேன். என் தப்பு. சோத்தப் போடு.

— போடறேன். சங்கரா மீன் கொழம்பு. விடியக்காலையில பெரிய மார்க்கெட் போய் வாங்கினது.

— தனியாவா போன?

— எங்கண்ணன் வந்திருந்துச்சு.

— ராஜவேலா? சேதராப்பட்டுல கம்பெனி வேலைக்குப் போவல?

— இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க.

— பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா வீட்டு மாப்ள, பிரெஞ்சு பாஸ்போர்ட்டு மாப்ளன்னு ஊரெல்லாம் பீத்திக்கறானே, இன்னும் அதே பெருமதானா?

— இப்பல்லாம் அதிகம் பேசறதில்லீங்க. படத்தப் பத்தி ஒண்ணு கேக்கலாமா?

— கேளு.

— அந்தம்மாவுக்குத் தண்ணின்னாலே பயம்னு புருஷன்காரன் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறான். அப்புறம் எதுக்கு அவள போட்ல ஏத்தி ஏரி நடுவுக்குக் கூட்டிட்டுப் போனான்?

— பயம் தெளியட்டும்னு. பொண்டாட்டி மேல பாசம்.

— போட்டு கவுந்துது. அவன் முழுகிட்டான். பயந்தவ மட்டும் எப்பிடிங்க கரைக்கு வந்தா?

— துடுப்பப் புடிச்சிக்கிட்டு மெதந்து வந்தா. கவுத்ததே அவதான். கொலகாரி. நான் கைய தூக்கினேன் பாத்தியா? அந்தப் பக்கம்தான்.

— அந்தப் பையன் வேற சொன்னான். போட்ட ஆட்டினது புருஷன்தானாம். அவளத் தள்ளப் போயி அவனே உழுந்துட்டானாம்.

— அதுக்குத்தான் வாங்கினான்.

— அதுக்கு முன்ன, சமையக்கட்டுல அவ முடியச் சுருட்டிப் புடிச்சுச் செவுத்துல மோதினான் இல்ல? மோதிட்டு என்னமோ சொன்னான். 'பாத்து நடம்மா'ன்னு சொன்னதா என் காதுல சொன்னீங்க.

— ஆமா.

— மோதிட்டா பாத்து நடக்கச் சொன்னான்?

— என்னடி, எனக்கே விசாரணையா? இங்க வா. கிட்ட வா.

— அடிக்காதீங்க. வாசப்படியிலயே உதட்டக் கிழிச்சுட்டீங்க.

— வான்னா வரணும். தெரியுதா? இது அந்தப் பொடியனுக்குக் குடுத்ததுல மிச்சம். தொடச்சிக்க. ரத்தத்தோட எனக்குச் சோறு போடாத.

— தொடச்சிட்டேன்.

— பொட்டி கட்டிட்டியா?

— துணி மடிச்சு வெச்சிருக்கேன்.

— நீ தச்ச துணி ஒண்ணாவது அதுல இருக்கா? நான் அங்க ஒரு வருஷம் குளுருல செக்யூரிட்டி வேல பாத்துக்கிட்டு நிக்கறேன். நீ இங்க தையல் கிளாஸ், தையல் கிளாஸ்னு அந்த செல்வாம்பாள் வீட்டுக்கே போய்க் கெடந்த. லிசேல, அந்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மாவா இருந்து ரிட்டயர் ஆனவளுக்குத் தையலப் பத்தி என்னா தெரியும்? ஒரு பிளவுஸ் காட்டினியா எனக்கு?

— நீங்க வந்து எறங்கின அன்னிக்கே, கத்துக்கிட்டத உங்களுக்குக் காட்டணும்னு இருந்தேங்க. அவ்ளோ ஆசையா இருந்தேன். கொழம்புல உப்பு கம்மின்னு அன்னிக்கே பெல்ட்டக் கழட்டிட்டீங்க. அப்புறம் காட்டத் தோணல.

— பழச எடுக்காத. அங்க எங்கக்கா வீட்டுல உக்காந்து தைய்யி. வெளிய போற வேலையே இருக்காது உனக்கு.

— கடைசியா ஒண்ணுங்க. போலீஸ்காரருகிட்ட அந்தம்மா ஒரே ஒரு வரி சொன்னா, அதோட படம் முடிஞ்சுது. அதக் கேட்டுதான் ஹாலே கத்துச்சு. அது என்னாங்க?

— அப்பவே சொன்னேனே. 'என்னை மன்னிச்சிடுங்க'ன்னு அழுதா.

— அவ மொகத்துல அழுகையே இல்லீங்களே.

— மொழி தெரியாதவ மொகத்தப் பாத்து கதை சொல்றியா? போதும், படத்த விடு. பீரோவுலருந்து உன் பாஸ்போர்ட்ட எடுத்துக் குடு. ரெண்டும் என் பையில ஒண்ணா இருக்கணும்.

— பீரோவுல இல்லீங்க.

— எங்க வெச்ச?

— எங்கண்ணன்கிட்ட குடுத்துட்டேன். காலையில, மார்க்கெட்ல.

— என்னாது?

— நான் வரலீங்க.

— மெல்லப் பேசறேன், காதுல வாங்கிக்க. உன் கழுத்த நெரிச்சு இங்கியே போட்டுட்டு வியாழக்கெழம நான் பாட்டுக்கு ஏறிடுவேன். இந்தா, புடிச்சிட்டேன். எதுக்குக் குடுத்த?

— வெள்ளிக்கெழம மாடியில, என் பக்கத்துலயே உக்காந்து, உங்கக்காகிட்ட ஃபோன்ல பிரெஞ்சுல பேசினீங்களே. அதுக்குத்தான்.

— உனக்கு ஸ்வெட்டர் வாங்கி வெக்கச் சொன்னேன்டி. அப்பவே உங்கிட்ட சொன்னேன் இல்ல?

— ஸ்வெட்டருக்கு எதுக்குங்க ரூமுக் கதவுக்கு வெளிப்பக்கம் தாப்பா? வந்ததும் பாஸ்போர்ட்ட வாங்கி ஒளிச்சு வெச்சிடுன்னு சொன்னீங்க. ஊமச்சி மாதிரி கெடப்பா, அடிச்சுப் போட்டாலும் எவன்கிட்ட போயி என்னான்னு சொல்லுவான்னு சிரிச்சீங்க.

— யாருடி சொன்னா உனக்கு?

— விடுங்க, மூச்சு முட்டுது. எங்கண்ணன் நாலு பேரோட தெருமுனையில நிக்குது. நான் கத்தினா வரும்.

— வரட்டும். மொதல்ல சொல்லு. பக்கத்து வீட்டு தல்ஹா ஒட்டுக் கேட்டானா? அவனுக்குத்தான் பிரெஞ்சு தெரியும். அவனா வந்து சொன்னான்? உனக்கு ஒரு எழுத்து தெரியாதே. யாருடி சொன்னா?

— 'மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லலீங்க அவ.

— எவ?

— படத்துல, அந்தம்மா. போலீஸ்காரருகிட்ட கடைசியா. 'எனக்கு நீச்சல் தெரியும்னு அவர்கிட்ட நான் சொன்னதே இல்ல'ன்னு சொன்னா.