பச்சைக் கோடு

— மைக் சுவிட்சை அணைச்சுட்டுப் பேசுங்க மாமி. இப்ப நீங்க சொன்னது அப்படியே மாமா காதுக்குப் போயிருக்கும்.

— போகட்டுமே. கேன்டீன்ல வடை ஆறிப்போறதுன்னுதானே சொன்னேன்.

— அதையும் வசனம்னு நினைச்சு மேடையில சொல்லிடப் போறார்.

— சொல்லக்கூடியவர்தான். கிட்வாய் நகர்ல இருந்தப்போ ஒரு நாடகம். நான் பக்கத் தட்டிக்குப் பின்னாடி நின்னுண்டு எடுத்துக் கொடுத்துண்டிருக்கேன். கால்ல என்னமோ கடிச்சுது, 'ஐயோ, எறும்பு'ன்னுட்டேன். கலெக்டர் வேஷத்துல நின்னுண்டு இவரும் 'ஐயோ, எறும்பு'ங்கறார். ஜனங்க சிரிச்சு ஓயல.

— அச்சா. அப்போ நாம ஜாக்கிரதையா இருக்கணும். என்கிட்ட பேசும்போது சுவிட்ச் கீழே. வசனம் கொடுக்கும்போது மேலே. அவ்வளவுதான்.

— அது சரிடி பிரியா, நான் சொல்றது போறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தட்டி ஓரமா நின்னா அவர் கழுத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். நீ இங்க கொண்டுவந்து ஹாலோட கடைசி வரிசைல உட்கார வச்சுட்டே.

— ஸ்க்ரீனைப் பாருங்க. இந்த வரிசையில ஒவ்வொரு கட்டமும் ஒரு மைக். மேடைக்கு மேல தொங்கற மைக், சாந்தகுமாரி ஆன்ட்டி புடவையில குத்தியிருக்கற மைக், எல்லாம் இங்கதான். கடைசிக் கட்டம் உங்களோடது. ஒரு தடவை பேசுங்க.

— 'கோபாலன் சார், கோபாலன் சார்.'

— பச்சைக் கோடு எம்பிக் குதிச்சுதா? அது குதிச்சா நீங்க பேசறது வருதுன்னு அர்த்தம்.

— நன்னாருக்கு. ரெண்டு பேர் தூக்கிண்டு வர மாதிரி பெரிய மிக்ஸர் கொண்டுவருவேன்னு பார்த்தா, தோள்ல ஒரு பையை மாட்டிண்டு வந்து லேப்டாப்பை எடுத்து வைக்கறே. உங்கப்பா ராஜவேல், 'என் பொண்ணு நொய்டால ஸ்டூடியோல வேலை செய்யறா, சவுண்டை அவ பார்த்துக்குவா'ன்னு மாடியிலேர்ந்து இறங்கி வந்து சொன்னப்போ எனக்கு நம்பிக்கையே வரலை.

— அந்தப் பெரிய மிக்ஸர்ல இருக்கற குமிழ் எல்லாமே இதுக்குள்ள சாஃப்ட்வேரா இருக்கு மாமி. இதுல இன்னும் வசதி. எந்த சீன்ல எந்த மைக் திறக்கணும், எது மூடணும், எவ்வளவு சத்தம், எல்லாம் நேத்து ரிஹர்சல்லயே சேவ் பண்ணிட்டேன். சீன் மாறினா இந்தப் பட்டனைத் தட்டுவேன். மொத்தமும் தானா மாறிக்கும்.

— நேத்து எனக்கு மைக்கே கிடையாதே.

— உங்களோடது இன்னிக்கு வந்து சேர்த்ததுதான். முதல் சீனைப் போட்டு, மாமா காதுல இருக்கற பட்டாணி சைஸ் ஸ்பீக்கருக்கு வருதான்னு டெஸ்ட் பண்ணியாச்சு. டென்ஷன் வேண்டாம். திரை தூக்கறாங்க பாருங்க.

— இரு, இரு. 'யாரது வாசல்ல? மழைக்கு ஒதுங்கினவரா, மாப்பிள்ளை வீட்டுக்காரரா?'

— வந்துடுச்சு. அப்படியே சொல்றார் மாமா.

— கேட்டியோ, நான் முடிச்சு ஒரு மூச்சு விட்டப்புறம்தான் ஆரம்பிக்கறார். உன் கம்ப்யூட்டர் லேட் பண்றதோ?

— உள்ளே போய் வெளியே வரதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்தான். ஆனா அது காதுக்கே தெரியாது. தன் குரலைக் காதுல கேட்டுக்கிட்டே பாடறவங்கதான் சண்டைக்கு வருவாங்க. இது மாமாவோட மூச்சு.

— அதுவும் வாஸ்தவம்தான். என்னிக்கும் அப்படித்தானே. நான் ஊட்டணும், அவர் முழுங்கணும். 'உள்ளே வாரும், குடையை மட்டும் வெளியே வையும்.'

— அழகா வருது. போன வருஷம் என்ன ஆச்சு மாமி? அப்பா சொல்லிச் சிரிச்சார்.

— சிரிக்க மாட்டாரா? தொங்கற மைக் என் குரலையும் சேர்த்துப் பிடிச்சுடுத்து. ஹால் பூரா முதல்ல நான், அப்புறம் இவர். சங்கத்துப் பத்திரிகைல, 'வைத்தி ஆண் குரலிலும் பெண் குரலிலும் அசத்தினார்'னு எழுதிட்டா. சாதத்தைப் பிசைஞ்சு வச்சுண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார் மனுஷர்.

— பாவம் மாமா.

— பாவம்தான். அதனாலதான் நீ இந்தப் பட்டாணி யோசனையைச் சொன்னதும் நான் சரின்னேன். 'குடை என்னுதுதான், ஆனா கைப்பிடி என்னுது இல்லை.' ... பிரியா.

— சொல்லுங்க.

— இவருக்கு மூக்கு இவ்வளவு எடுப்பா இருக்கும்னு எனக்குத் தெரியாது.

— என்ன மாமி, தினமும் பார்க்கறீங்களே.

— வீட்டுல பார்க்கறது வேற. மேடையில எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு காது, பின்னங்கழுத்து, முதுகுல வேர்வை. முன்னாடிலேர்ந்து ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை.

— ஒண்ணுகூடவா?

— எப்படிப் பார்க்கறது? கல்யாணமாகி டில்லி வந்த புதுசு. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. காய்கறிக்காரன் குரல் கேட்டாலே கதவைச் சாத்திண்டுடுவேன். இவர் ஆபீஸ் போனா நாள் பூரா அழுகை. ஊருக்கு அனுப்பிடுங்கோன்னு ஒரே பிடிவாதம். ஒரு நாள் வந்தார். 'நாடகத்துல சேர்த்திருக்கா, வசனம் மண்டையில நிக்கவே மாட்டேங்கறது, நீ வந்து எடுத்துக் கொடுத்தா பிழைச்சேன்'னார். அன்னிக்கு வீட்டை விட்டு இறங்கினவதான். ரிஹர்சல் ரிஹர்சலா போய்த்தான் எனக்கு இந்த ஊர்ல நாலு மனுஷாளைத் தெரிஞ்சுது.

— அதுக்கு முன்னாடி மாமா நடிச்சதே இல்லையா?

— காலேஜ்ல கப்பு வாங்கியிருக்கார். அங்க எந்த மகராஜன் எடுத்துக் கொடுத்தானோ.

— சீன் முடியுது மாமி. லைட் போயிடுச்சு. தட்டிட்டேன். பாருங்க, எல்லாக் கட்டமும் தானா ஏறி இறங்குது.

— பேய் தொட்டாப்பல இருக்கு. சரி, ரெண்டாவது சீன். 'சாந்தா, அந்தக் குடையை எடுத்துண்டு வா. மழை...' அட, நான் முடிக்கலையே, அதுக்குள்ள சொல்லிட்டாரே.

— நேத்து ரிஹர்சல்ல கேட்டது ஞாபகம் இருக்கும்.

— இவருக்கா? பால் வாங்கிண்டு வரச் சொன்னா தயிரோட வந்து நிக்கறவர். 'மழை நிக்கற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்.' பாரு, மறுபடியும் முந்திக்கறார். அதுலயும் 'போகட்டும்'ங்கறதை 'போகலாமே'ன்னு மாத்திட்டார். உன் கம்ப்யூட்டர் லேட் பண்ணும்னே, இது எனக்கு முன்னாடியே ஓடறதே.

— முன்னாடி போக சான்ஸே இல்லை மாமி. நீங்க பேசினாத்தானே போகும். கோடு நல்லாத்தான் குதிக்குது.

— ஒருவேளை காதுக்குள்ள பேசினா புத்தி சுறுசுறுப்பாறதோ என்னவோ.

— மெதுவா. முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கறார்.

— பார்க்கட்டும். இத்தனை நாள் இருட்டுல நின்னேன், யாரும் திரும்பினது இல்லை.

— அடுத்த சீன். தட்டிட்டேன். மாமி? மாமி, வசனம்.

— உஸ்ஸ்.

— சுவிட்சை மேலே போடுங்க. பெரிய வசனம் இது. எனக்குத் தமிழ் படிக்க வராது, நான் கொடுக்க முடியாது.

— பேசாம இருடி. கண்ணுல தண்ணி வரது பாரு அவருக்கு. நிஜமாவே வரது. குடைக்காரர் போயிட்டார்னு தெரிஞ்சு அந்தக் கைப்பிடியைத் தடவறார் பாரு. பின்னாடிலேர்ந்து இதெல்லாம் எங்கே தெரியும்? தோள் குலுங்கும், சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சுப்பேன்.

— நல்லாத்தான் பண்றார். ஆனா நீங்க எதுவுமே கொடுக்கலையே.

— ஐயையோ. முழுசும் சொல்லிட்டாரா?

— சொல்லிட்டார் போல. எங்கேயும் நிக்கலை.

— தப்பிச்சோம். இனிமே அவரைப் பார்க்க மாட்டேன், புஸ்தகத்தைத்தான் பார்ப்பேன்.

— இனிமே ரெண்டு பக்கம்தான் மாமி. அப்புறம் நன்றி சொல்றது.

— அதுவும் நான்தான் தெரியுமோ? காகிதம் பார்க்காம அத்தனை பேர் பேரையும் வரிசையா சொல்றார்னு எல்லாரும் மெச்சுவா. லைட் போட்டவர், மேக்கப் போட்டவர், டீ கொண்டுவந்த பையன் வரைக்கும் வருவா. ஒருத்தி பேர் மட்டும் வராது.

— உங்க பேரா?

— என் பேரைச் சொன்னா எடுத்துக் கொடுக்க ஆள் வச்சிருக்கார்னு தெரிஞ்சுடுமோல்லியோ. நடிகனுக்கு அது மானக்கேடு. அது எனக்கும் புரியறது. புரிஞ்சு என்ன பண்றது, மனசு கேக்கலை. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வரும், இந்தத் தடவை வரும்னு நின்னுண்டிருப்பேன். இன்னிக்கும் வரலேன்னா, அடுத்த நாடகத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கோங்கோன்னு சொல்லிடப் போறேன். இது நிச்சயம்.

— அவர் சொல்றதெல்லாம் நீங்க கொடுக்கறதுதானே. உங்க பேரையும் கொடுத்துடுங்க.

— சீ. கேட்டு வாங்கறதா?

— எறும்பையே சொன்னவர். உங்க பேரைச் சொல்ல மாட்டாரா?

— வாயை மூடு. 'குடை யாருதா இருந்தா என்ன, நனையாம இருந்தோமே.' முடிஞ்சுது. திரை விழறது பாரு.

— தட்டிட்டேன். எல்லாரும் வரிசையா வந்து நிக்கறாங்க. கொடுங்க மாமி.

— 'தலைமை தாங்கிய கோபாலன் அவர்களுக்கு. ஹால் கொடுத்து உதவிய ராஜம் அவர்களுக்கு. ஒளி அமைத்த கலியமூர்த்திக்கு.' ஓடறார், ஓடறார், பிடிக்க முடியலை. 'ஒலி அமைத்த பிரியதர்ஷினிக்கு.'

— ஆஹா, நானும் வந்துட்டேன்.

— 'டீ கொடுத்த சிவகுமாருக்கு.' அவ்வளவுதான். இனிமே கையைக் கூப்புவார்.

— மாமி. சுவிட்ச் மேலேதான் இருக்கு.

— வேண்டாம்டி.

— கையைத் தூக்கறார் மாமி.

— 'என் மனைவி விசாலாக்ஷிக்கு.'

— கோடு குதிச்சுடுச்சு.

— பேசாம நிக்கறாரே. கோபமோ?

— இருங்க. சொல்றார். 'என் விசாலத்துக்கு'ன்னு சொல்றார்.

— நான் விசாலாக்ஷின்னுதானே கொடுத்தேன்.

— 'நான் மேடை ஏறின நாளா பக்கத்துல நின்னு வசனம் எடுத்துக் கொடுத்தது அவதான். இன்னிக்குத்தான் முதல் தடவையா முன்னாடி உட்கார்ந்து பார்க்கறா. நன்னா நடிச்சேனான்னு அவ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்'ங்கறார். எல்லாரும் திரும்பறாங்க மாமி, எழுந்து நில்லுங்க.

— அதெல்லாம் நான் கொடுக்கலையே.

— மாமாவா சேர்த்துக்கிட்டார். கைதட்டறாங்க பாருங்க. ... என்ன மாமி, சந்தோஷமா இல்லையா?

— என்ன சந்தோஷம்? நான் ஊதினேன், அவர் ஒப்பிச்சார். எறும்புக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கொடுக்காமயே இருந்திருக்கலாம். வரலைன்னு ஒரு கோபமாவது மிச்சமிருந்திருக்கும்.

— ஸ்ஸ், மாமா வரார்.

— விசாலம், இங்கதான் இருக்கியா. கூட்டத்துல புகுந்து வரதுக்குள்ள போறும் போறும்னு ஆயிடுத்து. எப்படி?

— நன்னாத்தான் இருந்துது. வசனம் எல்லாம் காதுல விழுந்துதா?

— ஒரு எழுத்து விடாம. தட்டிக்குப் பின்னாடி நின்னுண்டு சொன்னாக்கூட இவ்வளவு தெளிவா இருந்ததில்லை. நீ இல்லேன்னா இன்னிக்கு என் மானம் போயிருக்கும்.

— கடைசி வரைக்கும் விழுந்துதா?

— கடைசி வரைக்கும் விழுந்துது. இந்தாம்மா பிரியா, உன் பட்டாணி, பத்திரம். நான் இந்த அரிதாரத்தைக் கழுவிண்டு வந்துடறேன். வடை இருக்கான்னு பாரு விசாலம்.

— பார்த்தியா. கடைசி வரைக்கும் விழுந்துதாம். அவர் வாயாலயே சொல்லிட்டார். என்னடி முழிக்கறே?

— மாமி, ஏக் மினிட். மூடிட்டுக் கிளம்பலாம்னு பார்த்தேன். இங்க பாருங்க.

— என்ன, சிவப்பா எரியறது?

— உங்க மைக்கை மாமா காதுக்கு அனுப்பற பட்டன் இது. இன்னிக்குச் சேர்த்தப்போ முதல் சீன்ல மட்டும் சேவ் பண்ணியிருக்கேன். மத்த சீன்ல பண்ண மறந்துட்டேன். என் தப்புதான். ரெண்டாவது சீனுக்குத் தட்டினப்பவே இது மூடிக்கிச்சு.

— பச்சைக் கோடு குதிச்சுண்டேதானே இருந்தது.

— அது நீங்க பேசினது கம்ப்யூட்டர் வரைக்கும் வந்ததுக்கு. இங்கேர்ந்து வெளியே போகவே இல்லை. ரெண்டாவது சீன்லேர்ந்தே மாமா காதுல ஒரு வார்த்தைகூட விழுந்திருக்காது. உங்க பேரும்தான்.

— ஒரு எழுத்து விடாம விழுந்துதுன்னாரே.

— விழுந்திருக்கவே முடியாது மாமி.

— அடுத்த நாடகத்துக்கும் அதை அப்படியே மூடி வை. நான் பாட்டுக்கு எடுத்துக் கொடுத்துண்டிருக்கேன்.