சிக்ஸ்டீன் எக்ஸ்

ஹலோ... ஹலோ, திரு... வெச்சிடாத, வெச்சிடாத! நான் மாமாதான் பேசறேன்... ஆமாம்ப்பா, கௌதமன்தான்... ஒங்க அக்கா போனுதான் இது. என் நம்பரப் பாத்தா நீ எடுக்கமாட்டியே... இல்ல, ரேணுகா அழுவல... நெசமாவே அழுவல. என்கிட்ட பேசல, அவ்ளோதான்.

நானா? கோயிலுக்குப் பின்னாடி, தண்ணி டேங்க்குகிட்ட தனியா நின்னு பேசறேன்... எல்லாரும் முன்னாடி இருக்காங்க. பாப்பாவுக்கு மொட்டை அடிச்சி சந்தனம் தடவியாச்சி. ஆசாரி வந்து ஒக்காந்திருக்காரு. மணை போட்டாச்சி. அதுல ஒக்கார தாய்மாமன்தான் இல்ல...

இரு, இரு, சொல்லவிடு... ஒங்க பெரியம்மா பையன் அரசப்பன் மடியில வெச்சி குத்திடலாம்னு எங்கம்மா சொல்லிப் பாத்துச்சி. 'என் தம்பி மடி இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி படாது'ன்னுட்டா ரேணுகா. அதோட சரி... ஆமா... ஆமா, தெரியும், என்னாலதான். இல்லன்னு சொல்லலையே.

நேத்து சாப்பாட்டுப் பந்தியில ஒன்ன அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது... ஆமா. சொன்னேன். 'பாண்டியில கடையில நின்னுக்கினு டூப்ளிகேட் டிவிடிய சொந்த அக்கா புருஷன் தலையிலயே கட்டிட்டான்'னு சொன்னேன். அத்தன பேரு முன்னாடி சொன்னேன். நீ எலயில பாதி சோத்தோட கையக் கழுவிட்டுப் போன பாரு... அது கண்ணுலயே நிக்குதுப்பா.

சரக்கா? ... ஒன் சரக்கு மேல ஒரு கொறையும் இல்ல. நல்ல சரக்குதான். தப்பு எங்கிட்டதான்... என்ன, திருப்பிச் சொல்லணுமா? தப்பு எங்கிட்ட, எங்கிட்ட, எங்கிட்ட. போதுமா?

கோவப்படல... கோவப்படல திரு. என் மேலயே எனக்கு ஆத்திரம். கேளு. காலையில ஸ்டுடியோவத் தொறந்து வேற கம்பெனி டிஸ்க்கு ஒண்ணு போட்டு எழுதிப் பாத்தேன். எதுக்கா? ஒன் சரக்கு போலின்னு காட்டத்தான்... ஆமா, காதுகுத்து அன்னிக்கு காலையில அந்த வேலதான் பண்ணிக்கினு இருந்தேன். சிரிக்காத... அதுவும் ஒன் டிஸ்க்கு மாதிரியே ஆமை வேகத்துலதான் எழுதுச்சி. அதுலயும் வேகம் சிக்ஸ்டீன் எக்ஸ்னுதான் போட்டிருக்கு. சரி, டிஸ்க்கு எழுதுற ரைட்டருக்கு இன்னா ஆச்சின்னு தூக்கித் திருப்பிப் பாத்தேன். அடியில நம்ம ஸ்டுடியோ ஸ்டிக்கரு. 'கௌதம் டிஜிட்டல், மரக்காணம்.' உப்புக் காத்துல கம்பெனி எழுத்து அழிஞ்சிடப்போவுதுன்னு அது மேல நான்தான் ஒட்டினது. கிழிச்சேன். அதுக்குக் கீழ கம்பெனிக்காரன் போட்டிருக்கான். எய்ட் எக்ஸ், பாதி வேகம்...

ம்... ம்... ஆமா, அந்த சின்ன ரைட்டருதான். ஒங்க கடையிலதான் வாங்கினேன். கம்ப்யூட்டருக்குள்ள இருந்தது துருப்புடிச்சிப் போச்சின்னு வாங்கினேனே, அதுதான்... நீ அப்பவே சொன்னியா? ... சொல்லியிருப்ப. நான் எங்க கேட்டேன், போன்ல எவன்கிட்டயோ பேசிக்கினு இருந்திருப்பேன்... 'எனக்கே பாடம் எடுக்கறியா'ன்னா கேட்டேன்? ... அய்யோ. கேட்டிருப்பேன்பா. என் வாயி அப்பிடிதான்.

யூஎஸ்பி ஹப்பா? ஆமா, ரைட்டர அந்த ஹப்புலதான் சொருவியிருந்தேன்... பென் டிரைவு, ஹார்ட் டிஸ்க்கு, போன் சார்ஜரு எல்லாம் அதுலயேதான்... அதனாலதான் பாதியில நின்னு நின்னு டிஸ்க்கு வீணாப் போச்சா? ... கரண்டும் பத்தல, டேட்டாவும் பத்தல... சரி. அதுவும் என் தலையிலயே போடு. போட எடம் இருக்கு.

அப்ப ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நேத்து நான் அப்பிடிக் கத்தும்போது, 'மாமா, ஒன் ரைட்டரே எய்ட் எக்ஸ்தான்'னு ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா நான் அங்கயே அடங்கியிருப்பேனே. ஏன் வாய மூடிக்கினு போன? ... ... என்னது? ... ராமதாஸ் அண்ணனா? ... ஆமா, பக்கத்து எலயிலதான் சாப்ட்டுக்கினு இருந்தாரு... ...

இதுக்காகவா?

... இல்ல, கேக்குது. கேக்குது... உப்பளத்துக்காரரு பெரிய எடம், சின்னப் பொண்ணு கல்யாண வீடியோவும் எங்கிட்டதான் குடுக்கப்போறாரு, அவரு முன்னாடி என் தொழில் தெரியாத்தனம் வெளிய வரவேணாம்னு... ஒன்னத் திருடன்னு சொன்னாலும் பரவாயில்லன்னு எழுந்து போயிட்டியா?

திரு... எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்குதுப்பா.

இல்ல, விடமாட்டேன். லைன்லயே இரு... வேணாம்னா? நீ சொன்னா கேட்டுடுவேனா? ஒன்ன கேவலப்படுத்தனது அத்தன பேரு முன்னாடி, மன்னிப்பு மட்டும் தண்ணி டேங்க்குக்குப் பின்னாடியா? ... ஆர்டரு போனா போவட்டும். தோ, நடந்துக்கினே பேசறேன். வெச்சிடாத.

எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! ... ஜெயா அத்த, அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லு... ஆசாரி, ஒரு நிமிஷம். ராமதாஸ் அண்ணே, நீங்களும் கேளுங்கண்ணே. நேத்து நம்ம திருமுருகன் போலி டிஸ்க்கு வித்துட்டான்னு சொன்னேன் இல்ல... அது பொய்யி. ஒங்க பெரிய பொண்ணு மறுவீட்டு விருந்துல தாம்பூலப் பையில போட்டுக் குடுக்க கல்யாண டிவிடி கேட்டீங்க, நானும் பெருசா மார் தட்டிக்கினு ஒத்துக்கினேன். குடுக்க முடியல. அதுக்குக் காரணம் நான்தான்... இல்லண்ணே, டிஸ்க்கு மேல சிக்ஸ்டீன் எக்ஸ்னு போட்டிருக்கறது நெசம். அந்த வேகம் வரைக்கும் அது தாங்கும்னுதான் அர்த்தம். அந்த வேகத்துல எழுதுற மிஷினு எங்கிட்ட இல்ல. அதுல பாதிதான். டயருல நூத்தம்பதுன்னு போட்டிருந்தா, மொபெட்டுல மாட்டினா மொபெட்டு நூத்தம்பதுலயா போவும்? ... அப்பிடியே பெரிய மிஷினு இருந்தாலும் மொதல்ல மெதுவா ஆரம்பிச்சி, டிஸ்க்கு ஓரத்துக்குப் போவும்போதுதான் அந்த வேகம் வருமாம். அதுகூட எனக்குத் தெரியாது. இத்தன வருஷமா போர்டு போட்டுக்கினு இருக்கேன்...

இல்லம்மா, எனக்கு ஒண்ணும் ஆவல. கண்ணுல சந்தனம் பட்டுடுச்சி.

திருவுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் என் மானம் போவக்கூடாதுன்னு அவன் மானத்த விட்டுட்டு, பாதி சோத்துல எழுந்து போனான். அவன் திருடன் இல்ல. இதுதான் சொல்லணும்னு வந்தேன்... அண்ணே... ராமதாஸ் அண்ணே, சாப்ட்டுட்டுப் போங்கண்ணே... அண்ணே...

ஹலோ... ஹலோ திரு, இருக்கியா? ... கேட்டியா? ... அவரு கெளம்பிட்டாருப்பா. செருப்ப மாட்டிக்கினு காருல ஏறிட்டாரு... இல்ல, கூப்புடல. கூப்புட மூஞ்சி இல்ல. பரவாயில்ல. நீ வா. எப்பிடியாவது வா. நல்ல நேரம் போனாலும் ஆசாரிய நான் புடிச்சி வெக்கிறேன்.

எங்க இருக்க? ... பெரிய முதலியார்சாவடியா? அங்க இன்னா வேல ஒனக்கு? ... ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டுதான் பேசறியா? ... இங்க வர்றதுக்கா? ... அப்ப நான் போன் பண்றதுக்கு முன்னாடியே கெளம்பிட்டியா?

... ... நான் கூப்புடலன்னாலும் வந்திருப்பியா?

ம்... ஆமா. பாப்பாவுக்காக. எனக்காக இல்ல. புரியுது... நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் திரு. ஒன் எதிர்லயே வரமாட்டேன். வீடியோ எடுக்கறது நான்தானே, கேமராவுக்குப் பின்னாடியே நின்னுக்கறேன். என் மூஞ்சிய நீ பாக்கவே வேணாம்... என்ன? ... கேமராவ வேற யார்கிட்டயாவது குடுத்துடணுமா? ஏன்? ...

...

ஒன் பக்கத்துலயா?

... சரிப்பா... சரி. குடுத்துடறேன்... பாப்பா கையப் புடிச்சிக்கினு நிக்கிறேன்... பாத்து வா. மெதுவாவே வா...

ஹலோ? ... திரு?

ரேணுகா... இந்தா, ஒன் போனு.