தலைவர் லயத்துக் கூரையில அஞ்சு காது

— சிரிக்காத கோசலா! கோயில் திருவிழாவுல, அத்தன சனத்துக்கு முன்னால, தோட்டத் தலைவர் அழகையா நான் பேசப் பேச, அந்த வயரில்லாத மைக்கு செத்துப்போச்சு. வாய் மட்டும் அசையுது, ஊமப்படம் மாதிரி.

— நான் சிரிக்கல தலைவரே. சனந்தான் கைதட்டிச்சு.

— அது இன்னும் மோசம். நீ படிக்கிற கேம்பஸ்காரங்க மாட்டின ரேடியோதானே என் பேச்ச முழுங்கிச்சு?

— மண்சரிவு அலாரம் போற ரேடியோ அது. சும்மா கெடக்குற அலைவரிசையா பாத்துத்தான் ஏறும். சும்மா கெடக்கா, யாராச்சும் பேசுறாங்களான்னு ஒட்டுக்கேட்டுச் சொல்றதுக்குத்தான் அஞ்சு பெட்டி குடுத்தோம். எங்க வச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க?

— கூரையில.

— யாரு கூரையில?

— ஒண்ணு என்னுது. ஒண்ணு தம்பி, ஒண்ணு மச்சான்... எல்லாம் நம்ம லயத்து வரிசை வீடுங்கதான். பெட்டி இருந்தா வீட்டுக்கு ஒரு மரியாதை.

— அஞ்சும் ஒரே பள்ளத்துல! முன்னால பாறை. கோயில் மைக்கு பாறைக்கு அந்தப் பக்கம். ஒண்ணுக்குக் கேக்கலன்னா அஞ்சுக்கும் கேக்காது. அஞ்சும் சேந்து "ஒருத்தரும் பேசல"ன்னு கை தூக்கும். ரேடியோவும் நம்பி உங்க பேச்சு மேல ஏறி உக்காந்துரும்.

— சொந்தக்காரங்கன்னா ஒத்துமையா இருப்பாங்கதானே, புள்ள?

— ஒத்துமையா செவுடா இருக்காங்க!

— ரத்னா, நீ ஏன் சிரிக்கிற? கட்டின புருசன் மானம் போயிருக்கு.

— இருமல்ங்க.

— உங்க பேச்சு போனா போகட்டும் தலைவரே. நாளைக்கு வேற யாரோட அலைவரிசைய மிதிச்சா, கொழும்புல இருந்து அதிகாரிங்க வந்து அலாரத்தையே கழட்டிட்டுப் போயிருவாங்க. மழையில தோட்டத்து மேல்பக்கம், மேல்கணக்குல மலை நழுவினா யாரு கத்துறது? நீங்களா?

— மைக்கு இருந்தா கத்துவேன்.

— அப்ப பெட்டிய பிரிச்சு வைங்க. உங்களுக்கு ஒண்ணு போதும். கோயில்ல ஒண்ணு, தேயிலை ஃபெக்டரி மேல ஒண்ணு, வட்டகொடை ஸ்டேசன் பக்கம் ஒண்ணு, மேல்கணக்குல பழனியாண்டி கூரையில ஒண்ணு.

— பழனியாண்டியா! எனக்கு எதிரா ஓட்டு கேட்டவன்!

— அவரு உங்களுக்கு ஓட்டுப் போடாட்டியும் அவரு கூரைக்குக் காது கேக்கும்.

— ...சரி, போ. என் பேச்சுக்காகத்தான். தம்பி வீட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏணி எங்க?

— பின்னால சாத்தியிருக்குங்க.

— போயிட்டாரா ரத்னாக்கா?

— போயிட்டாரு. ஏணியோட மல்லுக்கட்டிக்கிட்டுப் போறாரு.

— திட்டாதீங்கக்கா. பாறை விசயம் நெசம். ஆனா அவரு பேசுறப்ப எங்க ரேடியோ வாயே தொறக்கல. பெட்டிய பிரிச்சு வைங்கன்னு மாசக்கணக்கா கெஞ்சினேன், காதுல வாங்கல. இன்னைக்கு அவரே பழிய தூக்கிக்கிட்டு வந்தாரு, நானும் ஆமான்னு ஏத்துக்கிட்டேன். மைக்கு எப்படி செத்துச்சுன்னு எனக்கே தெரியாது.

— எனக்குத் தெரியும்டி. எம்மக வினோதா கைப்புள்ளையோட அந்த மேல்கணக்குலதான் இருக்கா. அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டுப் போனதுல இருந்து, பேர சொன்னாலே இந்த மனுசன் எந்திரிச்சுப் போயிருவாரு. அவ தலைக்கு மேல அலாரம் நெலைக்கணும்னா, இவரு பேச்சுல கை வச்சாத்தான் பெட்டி நகரும். இன்னைக்கு பேச்சு நடுவுல தேத்தண்ணி குடிக்க மைக்க என்கிட்ட குடுத்தாரு பாரு, டார்ச்சுல செத்துக் கெடந்த பெட்டரிய மைக்குக்குள்ள நான்தான் மாத்திப் போட்டேன்.