வால்வு திறந்துதான் இருந்தது

இரவு பதினொன்றரை இருக்கும். வெளித்துறையிலிருந்து ஊருக்குள் வரும் சாலை. ஒரு பக்கம் உப்புச் சேறு, மறுபக்கம் பழைய கிடங்குகளின் நீண்ட சுவர். விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குகள் இல்லை... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதை உரக்கச் சொல்ல எனக்குப் பிடிப்பதில்லை.

என் நண்பனின் அக்கா கணவருக்கு நடந்தது இது. படகு மெக்கானிக். எந்த வேலையைக் கொடுத்தாலும் "அஞ்சு நிமிஷம்" என்பார். கடைசியில் அதுவே அவர் பெயராகிவிட்டது. கெட்டவர் இல்லை. பொறுமைதான் கிடையாது.

அன்று மோட்டார் சைக்கிளில் தனியாக வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. அப்போது பின்னால் ஒரு சத்தம்.

டுக்... டுக்... டுக்...

படகு எஞ்சின். தரையில்.

படகு எஞ்சின் ஓடும்போது புகைக்குழாய் வழியாகக் கடல்நீரையும் சேர்த்துத் துப்பும். அந்தச் சளப் சளப் காதில் விழுந்தால்தான் மெக்கானிக்குக்கு நிம்மதி. இதில் அது இல்லை. தொண்டை வறண்டவன் இருமுவது போல, வெறும் புகையின் சத்தம். கூடவே கருகிய ரப்பர் வாடை.

யாருடைய எஞ்சின் என்று அவருக்குத் தெரியும்.

ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் படகோட்டி ஒருவர் இருந்தார். அவருடைய எஞ்சினில், சூடேறாமல் குளிர்விக்கக் கடல்தண்ணீரை இழுக்கும் பம்பைப் போன மழைக்காலத்தில் இவர்தான் பழுது பார்த்தார். அந்தப் பம்புக்குள் இம்பெல்லர் என்று ஒரு ரப்பர் சக்கரம், பூவைப் போல ஆறு இதழோடு. திறந்து பார்த்தால் இரண்டு இதழைக் காணோம். பிய்ந்த இதழ் தண்ணீரோடு போய்க் கூலர் குழாயை அடைத்துக்கொள்ளும். அதனால் புதுச் சக்கரம் போடுவதற்கு முன் துண்டுகளைத் தேடி எடுத்து, சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். குனிந்து, கூலர் மூடியைக் கழற்றி, முழங்கை வரை அழுக்காகிற வேலை.

"மீதி ரெண்டு எங்கண்ணே?" என்று படகோட்டி கேட்டிருக்கிறார்.

"கடலுக்குப் போயிருக்கும், விடுப்பா. மீனுக்கும் பல்லு வலிக்கட்டும்."

இருவரும் சிரித்தார்கள். இவர் பம்பை மூடிவிட்டார்.

அன்று மாலையே, அக்கரையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, நீரோட்டத்தின் நடுவில் எஞ்சின் சூடேறி இறுகி நின்றது. எதிரே ஒரு பெரிய சரக்குப் படகு. விலக வழியில்லை...

அதுவரைக்கும் பிழை. பிழையைக் கடவுள் மன்னிப்பார் என்று நம்புகிறவன் நான். ஆனால் விசாரணையில் இவர் ஒரு பொய் சொன்னார். படகோட்டி கடல்தண்ணீர் வால்வைத் திறக்காமலேயே எஞ்சினை ஓட்டிவிட்டார் என்றார். படகு சில்லு சில்லாகக் கடலடியில் கிடந்தது. யார் போய்ப் பார்ப்பது? வால்வில் கை வைத்துப் பார்க்காமல் ஒருநாளும் கிளம்பாத மனிதரை, கவனமில்லாமல் செத்தவர் என்று ஊர் சொன்னது. அவர் மனைவியின் காதில் விழும்படியே சொன்னது.

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள்.

திரும்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் நெருங்கி வந்தது. ஓடினார். வயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது. வியர்வை ஒரு சொட்டு இல்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றினார். தண்ணீர் தொண்டையோடு நின்றது... இறங்கவில்லை. வெந்நீராகத் திரும்பி வந்தது.

அந்தச் சாலையில் ஒரே ஒரு வீட்டில்தான் வெளிச்சம். யார் வீடு என்று தெரிந்தும் கதவைத் தட்டினார்.

படகோட்டியின் மனைவி கதவைத் திறந்தாள். ஆளை அடையாளம் தெரிந்துகொண்டாள். இவர் தன் வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டினார். அவள் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்தத் தண்ணீர் இறங்கியது.

வாசலுக்கு வெளியே எஞ்சின் ஓடியபடி நின்றது. அவளுக்கும் கேட்டது.

"அவருதான்," என்றாள். "உள்ள வரமாட்டாரு. நடந்தத நீங்க ஒரு தடவ வாயால சொல்லுங்க."

"வால்வு திறந்துதான் இருந்துச்சும்மா. துண்டத் தேடாம மூடினது நான்."

சத்தம் நின்றது. அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விசாரித்த அதிகாரியிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்றாள். காலையில் முதல் வேலையாகச் சொல்வதாக இவர் சத்தியம் செய்தார்.

ஒரு செம்புத் தண்ணீர். கடவுள் ஒரு மனிதனுக்கு இதைவிடச் சுலபமாக எப்படி வழிவிடுவார், சொல்லுங்கள்.

விடிந்ததும் என் நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தான். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, நானும் கூட வருகிறேன், கிளம்புங்கள் அத்தான் என்றான். அவர் டீயைக் குடித்தார். நன்றாக இறங்கியது. வெயில் வந்துவிட்டது. வெயிலில் எல்லாமே வேறு மாதிரித் தெரியும்.

"ராத்திரி ஏதோ காய்ச்சல், மச்சான். செத்தவனுக்கு இனிமே பேரு எதுக்கு? எனக்குத் தொழில் வேணும்ல."

துறைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

நடுப்பகல். சுற்றிலும் ஆட்கள். ஒரு படகின் புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை. தோளைத் தொட்டவன் கையை உதறினான். வாளித் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றினார்கள். ஆவி பறந்தது. அதற்குள் மூச்சு போயிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, என் நண்பன்தான் குளிப்பாட்டினான். முதல் குடம் ஊற்றினான். சுர்... என்றது. தொட்டித் தண்ணீர் தீரும்வரை ஊற்றினான். பொழுது சாய்ந்தும் உடம்பு ஆறவில்லை. தூக்க யாரும் முன்வரவில்லை. அவன் அக்கா வாசற்படியில் நின்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, அத்தான் தன்னிடம் சொன்னதை அவன் சொன்னான். அப்போதும் ஆறவில்லை.

அந்தச் சமயத்தில் படகோட்டியின் மனைவி வந்தாள். யாரும் சொல்லியனுப்பவில்லை. கையில் ஒரு செம்பு. கூட்டம் வழிவிட்டது. உட்கார்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல, நெற்றியிலும் நெஞ்சிலும் மெல்ல ஊற்றினாள்.

ஆவி வரவில்லை.

எழுந்து, ஆளில்லாத வாசல் பக்கம் திரும்பினாள்.

"போதுங்க. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

என் நண்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் நடக்கக்கூடிய சந்து அது. அவள் சுவரை ஒட்டியே போனாள். எதிரே வந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள்... வழிவிட்ட பிறகு, இன்னொரு முறை விலகினார்கள்.