இன்ஜின் நின்றதும் நின்ற பேச்சு

"விசைத்தறிக்காரங்கள விடவே கூடாது!" என்று பின்சீட்டில் ஒரு குரல் எழுந்ததும், என்னைத்தான் உதைக்கப் போகிறார்கள் என்று நம்பிவிட்டேன். என் வீட்டில் ஓடுவதும் விசைத்தறிதான். போளூர் பஸ்ஸின் ஜன்னல் கம்பியோடு கம்பியாக ஒடுங்கினேன்.

"கைய நீட்டிப் பேசும்மா. இன்னிக்கி கிளாஸ் பட்டிமன்றத்துல நீ கைத்தறி கட்சி" என்றது ஓர் அப்பாவின் குரல்.

மெல்லத் திரும்பினேன். யூனிஃபார்மில் ஒரு சின்னப் பெண். அவள் மறுபடி முழங்கத் தொடங்கியபோது, களம்பூர் ஸ்டாப்பில் பஸ் இன்ஜின் நின்றது. அவள் பேச்சும் நின்றது.

"இன்னாம்மா ஆச்சு?"

"சத்தம் நின்னுபூச்சேப்பா. நம்ம வூட்டு விசைத்தறி ஓடிகினு இருக்கசொல்லதான மனப்பாடம் பண்ணேன்."

"பேஜாராப் பூச்சே! கிளாஸ்ல தறிக்கு எங்க போறது? நான் வோணா வெளிய நின்னு டக்கு டக்குனு ஜன்னலத் தட்டிகினு இருக்கட்டா?"

"ஐயோ, மானமே பூடும்! நீ சும்மா இருப்பா."

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்ஜின் சத்தம் இல்லாமலேயே முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசி வரிவரை எங்கும் நிற்காமல் விசைத்தறிக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

முதலில் கைதட்டியவர் அவள் அப்பாதான்.