குழாய்க்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

— இந்தப் போஸ்டர் தாள்ல ‘சிங்கம் சாய்ந்தது’ன்னு எழுதியிருக்கே, எந்தச் சிங்கம்ங்க பல் டாக்டர் நாற்காலியில வாயைப் பொளந்துக்கிட்டுச் சாகும்?

— மெதுவாப் பேசு. பிரஸ் கதவு பாதி திறந்திருக்கு.

— ஊரே பேசுது. கக்கூஸ் குழாயைத் திருகித் திருடினவன், அதான் பேரே குழாய். பொண்ணு கேக்கப் போனப்ப ‘பிளம்பிங் கான்ட்ராக்ட்’னு சொல்லியில்ல கட்டினான். அப்புறம் நாலு பேரை வெட்டினதும் அண்ணன் ஆயிட்டான். இதுல ‘ஏழைகளின் விளக்கு’ வேற. நம்ம தெருவுல அவன் உடைச்ச விளக்கு எத்தனை?

— நான் எழுத்துப்பிழைதான் பார்ப்பேன், விஷயத்தைப் பார்க்க மாட்டேன். ‘கண்ணீர்’க்கு ரெண்டு சுழி போட்டிருக்கு. திருத்தினா என் வேலை முடிஞ்சுது.

— பத்துப் பேரோட கடவாப்பல்லை உடைச்சவன், தன் பல்லு வலிக்குதுன்னு காலையில அழுதுக்கிட்டே போனானாம். கூட வந்த நாலு தடியனுங்களும் ஒரே நேரத்துல டீ குடிக்கப் போயிட்டானுங்க. டாக்டர் ஊசி எடுக்கத் திரும்பறதுக்குள்ள ரெண்டு பேர் உள்ள வந்து வேலையை முடிச்சுட்டானுங்க. ஏங்க, உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது? அவனுக்காகத் துக்கமா?

— துக்கமில்லடி. இந்தத் தாள் எப்ப வந்துச்சு தெரியுமா?

— இன்னிக்குத்தான்.

— திங்கக்கிழமை.

— இன்னிக்குப் புதன்கிழமைங்க.

— அதைத்தான் ஒரு மணி நேரமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். திங்கக்கிழமை சாயங்காலம் குழாயோட வலதுகை, அந்த சோடாபுட்டி, ஒட்டின கவரை நீட்டினான். அண்ணன் போட்டோ இருக்கு, அறுபது போஸ்டர்னான். பிறந்தநாளாக்கும்னு பிரிக்காம டிராயர்ல போட்டுட்டேன். இன்னிக்குப் போன் பண்ணி ‘கவரைப் பிரிச்சு அடி’ங்கறான். பிரிச்சா இது.

— அப்ப ஆள் வெச்சது சோடாபுட்டிதான்.

— தேதியை மட்டும் காலியா விட்டிருக்கு பாரு.

— முட்டாப்பய. ஆள் சாகறதுக்கு முன்னாடி போஸ்டருக்குச் சொல்லுவானா ஒருத்தன்?

— அவன் முட்டாளா இருந்துட்டுப் போகட்டும். இது தெரிஞ்ச வெளியாளு நான் ஒருத்தன்தான். என்னை உசுரோட விடுவானா? போலீசுக்குப் போனா, அங்க பாதிப் பேர் அவன் வாங்கிக் குடுத்ததைச் சாப்பிட்டவங்க.

— குழாய் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுவோம். கூடப் பிறந்தவனுங்க அஞ்சு பேர் அவளுக்கு. புருஷனைக் கொன்னவனைச் சும்மா விடுவாளா? நமக்குக் காவலும் ஆச்சு.

— வேணாம். நம்ம தலையை நாமளே நீட்ட வேணாம்.

— ரிங் போயிடுச்சு. ஸ்பீக்கர்ல போடறேன், பேசாம இருங்க. அக்கா, நான்தான், பிரஸ்காரர் வீட்டுல. கேள்விப்பட்டதுலேர்ந்து கையும் ஓடல காலும் ஓடலக்கா.

— என்னம்மா பண்றது. அவருக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு. சொல்லு.

— மனசைத் திடப்படுத்திக்குங்க. இந்தப் போஸ்டருக்கு எழுதின தாள் இருக்கு பாருங்க, அது திங்கக்கிழமையே எங்க கைக்கு வந்திருக்குக்கா.

— ஆமாம்மா. உன் வீட்டுக்காரர் எதைக் குடுத்தாலும் ரெண்டு நாள் இழுத்தடிப்பாரேன்னுதான் நான் முன்கூட்டியே குடுத்தனுப்பினேன். இன்னுமா அடிக்கல?