கைபேசியில் நான் அழித்த ஒரு வரி

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது நாற்பத்து நான்கு. இருபத்தோரு வருடமாகக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கும் வேலை செய்து வருகிறேன். என் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளராக இருக்கிறார். முதல் மாடியில் நாங்கள் இருவர் மட்டும் குடியிருக்கிறோம். நேற்று என் வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டதாக இந்தக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தவன் நானே. அதைப் பற்றி இன்று காலை நேரில் வந்து சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. என் மனைவி வாசல் வரை கூட வந்தார், உள்ளே வரவில்லை.

சுமார் இரண்டு மாதத்துக்கு முன்பு என் மைத்துனர் தன் வீட்டில் ஒரு கம்பெனி ஆட்களை வைத்துத் திருட்டு அலாரம் பொருத்தினார். என் மனைவி தம்பியின் அலாரத்தை ஒரு வாரம் தலையில் தூக்கி வைத்து ஆடினார். எனக்கு வயிறு எரிந்தது. கம்பெனிக்காரன் செய்வதை நானே செய்கிறேன் என்று சொல்லி, நான் வேலை செய்யும் கடைக்குப் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்பவரிடம் சாமான்கள் வாங்கினேன். இப்போது உங்கள் காவலில் இருப்பவர் அந்தக் கடைக்காரர்தான்.

அதன் பிறகு வாசல் கதவில் ஒரு காந்தத் துண்டையும் நிலையில் அதன் ஜோடியையும் ஒட்டினேன். கதவைத் திறந்தால் ஹால் விளக்கு எரியும், என் கைபேசிக்குத் தகவல் வரும். பூட்டையும் சைரனையும் கைபேசியிலிருந்தே இயக்கலாம். என் மனைவியின் கைபேசியிலும் அந்த வசதி உண்டு. ஹாலில் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடித்துச் சைரனை அடிக்கும் சென்சார் ஒன்றையும் மாட்டினேன். மைத்துனர் வீட்டுச் சென்சாரைக் கம்பெனிக்காரன் மொட்டையாகச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். நான் என்னுடையதற்கு நாலு பக்கமும் விளிம்பு தேய்த்த கண்ணாடிப் பெட்டி செய்து, சென்சாரை உள்ளே வைத்தேன். அதற்கு மூன்று நாள் ஆயிற்று. மைத்துனர் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது.

அதன் பிறகு என் மனைவி அடிக்கடி அந்தக் கடைக்காரருடன் போனில் பேசுவதைக் கவனித்தேன். நான் உள்ளே வந்தால் "சரிண்ணே, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார். ஒருமுறை சிரித்துக்கொண்டே வைத்தார். என்னிடம் பேசி அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று அவர் கேட்டார், பல் வலி என்று சொன்னேன். மருத்துவமனைக்கு வாருங்கள் என்றார்.

நேற்று மாலை மைத்துனர் குடும்பம் வருவதாகவும், அவர்களுக்கு அலாரத்தை இயக்கிக் காட்டுவதாகவும் இருந்தது. மதியம் இரண்டு முப்பத்தெட்டுக்கு நான் கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தபோது, வாசல் கதவு திறக்கப்பட்டது என்றும், மனைவியின் கைபேசியிலிருந்து திறக்கப்பட்டது என்றும் தகவல் வந்தது. உடனே மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அவரே எடுத்தார்.

"வீட்டுல யாரு?" என்று கேட்டேன்.

"வீட்டுலயா? யாரும் இல்லையே" என்றார்.

அவர் எனக்குத் தெரியாமல் என் வீட்டை வேறொருவருக்குத் திறந்து விட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் கையிலிருந்த கண்ணாடியைக் கோணலாக அறுத்துவிட்டேன். இருபத்தோரு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அதன் பிறகு கடையில் நின்றபடியே கைபேசியில் கதவைப் பூட்டி, சைரனை அலற விட்டு, வண்டியில் வீட்டுக்குப் போனேன். அதற்குள் கீழ்வீட்டு டைலரும் அக்கம்பக்கத்தவர் ஏழெட்டுப் பேரும் மாடிப்படியில் கூடியிருந்தார்கள்.

நான் கதவைத் திறந்தேன். கடைக்காரர் மட்டும் இருந்தார். என் ஸ்டூல் மேல் நின்றிருந்தார். ஒரு கையில் ஸ்குரூ டிரைவர், மறு கையில் சுவரிலிருந்து கழற்றிய என் கண்ணாடிப் பெட்டி. அவர் எல்லார் முன்னிலையிலும், "தம்பி, நல்லவேளை வந்தீங்க, முதல்ல சைரனை நிறுத்துங்க. கண்ணாடிக்குள்ள வச்சா ஆளோட உடம்புச் சூடு சென்சாருக்குப் போகாது. எருமை போனாக்கூடத் தெரியாது. தங்கச்சி சொல்லலையா?" என்றார்.

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். நான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த கதை எதுவும் அங்கே இல்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எரிச்சல் குறையவில்லை, அதிகமாயிற்று. என் வேலை சரியில்லை என்பதை என் மனைவி என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லியிருக்கிறார். இருவரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் அதைச் சரிசெய்கிறார்கள். நான், "இந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். டைலர் கையிலிருந்த மர அளவுகோலால் அவரை அடித்தார். அவர் ஸ்டூலிலிருந்து விழுந்து நெற்றி பிளந்தது. விழும்போதும் கண்ணாடிப் பெட்டியை உடைய விடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் அவரைப் பிடித்து வைத்திருந்தபோது நான் சமையலறைக்குப் போய், இரண்டு முப்பத்தெட்டு என்று இருந்த வரியைக் கைபேசியிலிருந்து அழித்தேன். அதன் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

என் மனைவி நேற்றே இங்கு வந்து, கதவைத் தானே திறந்து விட்டதாகச் சொன்னார். தன் கைபேசியில் பதிவு எதுவும் நிற்காது, எல்லாம் என் கைபேசியில்தான் நிற்கும் என்பதால் அவரால் காட்ட முடியவில்லை. அடிபட்டவரைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று நான் சொன்னேன். அது பொய்.

இன்று காலை என் மனைவி அந்தக் கண்ணாடிப் பெட்டியை மீண்டும் சென்சார் மேல் பிடித்துக்கொண்டு, "நடங்க" என்றார். மூன்று முறை நடந்தேன், கையை ஆட்டினேன், குதித்தும் பார்த்தேன். ஒன்றும் அடிக்கவில்லை. பெட்டியை எடுத்தார். ஒரு அடி வைத்ததும் சைரன் அலறியது. டைலர் மறுபடியும் அளவுகோலோடு ஓடி வந்தார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா தாங்குவீங்களா? மூணு நாள் உக்காந்து செஞ்சீங்க. நீங்க இல்லாதப்ப நான் நடந்து பார்த்தேன், அடிக்கல. எந்தம்பி முன்னாடி நீங்க தலை குனியக் கூடாதுன்னு நெனச்சேன். அந்தக் கடைக்கார அண்ணன்தான் முன்கண்ணாடிய மட்டும் எடுத்துட்டு அதே அளவுல மெல்லிசு பிளாஸ்டிக் போட்டுடறேன்னார். பெட்டி உங்க பெட்டியாவே இருக்கும்னு நாந்தான் கேட்டுக்கிட்டேன்" என்றார். அதன் பிறகு, "அவர் வீட்டுல நேத்துலேர்ந்து யாரும் சாப்பிடல. ஸ்டேஷனுக்கு நீங்க போறீங்களா, இல்ல அந்தப் பதிவ அழிச்சது நீங்கதான்னு நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றார்.

கடைக்காரர் திருடவில்லை, பூட்டை உடைக்கவில்லை. என் மனைவி திறந்து விட்டுத்தான் உள்ளே போனார். இருவருக்கும் தவறான உறவு இருந்ததா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லை என்று சொன்னேன். அவரைத் திருடன் என்று நான் சொன்னபோதே, அவர் திருடன் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். அழித்த வரியை மீட்பதற்காக என் கைபேசியை ஒப்படைக்கிறேன்.

மேலே எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதும் எழுதியதும் ஒன்றே, எல்லாம் நடந்தபடியே எழுதப்பட்டவை. கண்ணாடிப் பெட்டி பற்றிய இடத்தில், "குறையைக் கண்டுபிடித்தது என் மனைவி" என்று சேர்க்கச் சொன்னேன், சேர்க்கப்பட்டது. அதைச் சரிசெய்ய வந்தவர் யார் என்று அதிகாரி கேட்டார். அதை எழுத வேண்டாமே என்றேன். எழுதினால்தான் அவரை விட முடியும் என்றார். சரிசெய்ய வந்தவர் கடைக்காரர்.

(ஒப்பம்)